சென்னை நகர மையத்தில் தங்குவதற்குத் திட்டமிடுதல்: முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் தொடங்கும். “தம்பி, எழும்பூர் பக்கம் ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல ரூமா ஒண்ணு பார்த்து வை.” எதற்காக வருகிறார்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், எத்தனை பேர் என்பதெல்லாம் நான் கேட்ட பிறகுதான் வரும். பல ஆண்டுகளாக உறவினருக்கும் நண்பருக்கும் சென்னையில் அறை பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாடகையில் தொடங்கித் தேடியவர்கள்தாம் முடிவில் அதிகம் செலவழித்திருக்கிறார்கள். வேலை நடக்கும் இடம், வந்து இறங்கும் நேரம், உடன் வருபவர்கள் ஆகிய மூன்றும் உறுதியான பிறகே வாடகையைப் பார்க்க வேண்டும்.

இங்கே நகர மையம் என்று நான் குறிப்பிடுவது சென்ட்ரல், பெரியமேடு, எழும்பூர், திருவல்லிக்கேணி, அண்ணா சாலையின் வடபாதி, ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம் ஆகிய பகுதிகளை. தியாகராய நகர் சற்றுத் தள்ளியிருந்தாலும், அங்கே தங்க விரும்புவோர் மிகுதி என்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: போக வேண்டிய இடத்தின் சரியான முகவரி, பயணச் சீட்டில் உள்ள நிலையமும் நேரமும், தங்குவோரின் வயது, ஒவ்வொருவரிடமும் உள்ள அசல் அடையாள அட்டை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தத் தாள் தேவைப்படும்.

1. வேலை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் முதலில் உறுதி செய்யுங்கள்

“சென்னையில் வேலை” என்பது போதாது. சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேர்வாணையம் செல்பவர் பிராட்வே பக்கமும், கல்வித் துறை அலுவலகங்களுக்குச் செல்பவர் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கும், உயர் நீதிமன்ற வழக்குக்கு வருபவர் பாரிமுனைக்கும் போக வேண்டியிருக்கும். வரைபடத்தில் இவை அருகருகே இருப்பதுபோல் தோன்றினாலும், காலை ஒன்பது மணிக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது வேறு கதை.

அமெரிக்க விசாவுக்கு வருபவர்கள் அடிக்கடி தவறுவது இந்தப் படியில்தான். கைரேகைப் பதிவு ஓரிடத்திலும், நேர்காணல் அண்ணா மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்திலும் நடைபெறும். இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் அமையும். ஒரு நாள் என்று நினைத்து அறை எடுத்தவர்கள் மறுநாள் காலை அதே அறைக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். தூதரகத்துக்குள் கைப்பேசியையும் பைகளையும் கொண்டு செல்ல முடியாது என்பதால், அவற்றை அறையிலேயே வைத்துவிட்டு நடந்தே போய்வரும் தொலைவில் தங்குவது மிகவும் வசதி.

வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைப் போலவே, எத்தனை மணிக்கு முடியலாம் என்பதையும் எழுதுங்கள். மருத்துவமனை வேலைக்கு முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. அதற்கு எப்போதும் ஒரு நாள் கூடுதலாகக் கணக்கில் கொள்ளுங்கள்.

2. பயணச் சீட்டு முதலில், அறை பிறகு

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது. அறைக்கு அப்படி ஒரு வரையறை இல்லை. எனவே கிடைப்பதற்கு அரிதானதை முதலில் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப அறையை அமைப்பதே சரியான வரிசை. காத்திருப்புப் பட்டியலில் சீட்டு இருக்கும்போது, பணம் திரும்பாத முன்பதிவு எதையும் செய்யாதீர்கள்.

சீட்டு கிடைத்தபின் அதில் அச்சிடப்பட்டிருக்கும் கடைசி நிலையத்தைக் கவனமாகப் படியுங்கள். தென் மாவட்ட வண்டிகள் எழும்பூருக்கு வரும் என்பது பழைய பழக்கம். அவற்றுள் சில தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. கோவை, சேலம், பெங்களூரு வழித்தடங்களில் வருபவை பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வரும். பேருந்தில் வருபவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கேயே பயணிகளை இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து புறநகர் ரயில் பிடிப்பதென்றால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பு அந்தப் பேருந்துகள் வந்து நின்ற கோயம்பேட்டை நினைத்துக்கொண்டு, அதன் அருகே அரும்பாக்கத்தில் அறை போட்ட என் நண்பர் ஒருவர், பேருந்தில் வந்த இரவைவிட அறைக்குப் போய்ச் சேர்ந்த காலைதான் நீளமாக இருந்தது என்றார்.

3. வந்து சேரும் மணியை வைத்து நாள் கணக்கைப் போடுங்கள்

பணம் அதிகம் வீணாவது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையில் இரண்டு வகையான கணக்குகள் வழக்கில் உள்ளன. பெரிய ஹோட்டல்களும், இணையச் செயலிகளில் பதிவு செய்யப்படும் பெரும்பாலான அறைகளும், நண்பகல் 12 மணியிலிருந்து மறுநாள் நண்பகல் வரையிலும் அல்லது அதையொட்டிய நேரங்களிலும் ஒரு நாள் என்று கணக்கிடுகின்றன. நிலையங்களைச் சுற்றியுள்ள பழைய லாட்ஜுகள் பலவும், நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்கின்றன.

தென் மாவட்டங்களிலிருந்து இரவு புறப்படும் வண்டிகள் விடியற்காலையில் வந்து சேர்கின்றன. வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு இறங்கி, சனிக்கிழமை இரவு வண்டியில் திரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நண்பகல் கணக்குள்ள ஹோட்டலில் விடியற்காலையிலேயே அறை வேண்டுமென்றால், வியாழன் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். சனிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு மாலைவரை இருக்க விரும்பினால், அது மூன்றாவது நாளாகிவிடும். மொத்தம் 7,500. 24 மணி நேரக் கணக்குள்ள லாட்ஜில் வெள்ளி காலை ஆறு முதல் சனி காலை ஆறு வரை ஒரு நாள், அதன்பின் மாலைவரை இரண்டாவது நாள், மொத்தம் 5,000. அந்த லாட்ஜின் வாடகை 3,000 ஆகவே இருந்தாலும் 6,000 தான் ஆகும். பட்டியலில் குறைந்த வாடகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர், உண்மையில் அதிகம் கொடுப்பது இப்படித்தான்.

பகல் பதினொரு மணிக்கு விமானத்தில் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்புபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். அவருக்கு நண்பகல் முறையே போதுமானது. ஆகவே எது நல்லது என்று என்னைக் கேட்பவர்களிடம், உங்கள் சீட்டைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் சித்தியின் குடும்பம் ஒருமுறை நான் பார்க்காமலேயே செயலியில் அறை போட்டுக்கொண்டு வந்தது. காலை ஆறு மணிக்குப் போய் நின்றபோது, அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, வரவேற்பறை சோபாவில் தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஹோட்டல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பதிவுச் சீட்டின் நான்காவது வரியில் நேரம் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது.

குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால், எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களிலேயே உள்ள ரயில்வே ஓய்வறைகளை ஐஆர்சிடிசி தளத்தில் முயன்று பாருங்கள். பயணச் சீட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால்தான் பதிவு செய்ய முடியும். இடங்கள் குறைவு என்பதால் சீட்டு உறுதியானவுடனேயே பார்த்துவிட வேண்டும்.

4. பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

எழும்பூரின் பலம் அதன் இணைப்புகள். விரைவு ரயில், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. மாம்பலத்துக்குப் புறநகர் ரயிலில் நான்காவது நிலையம்; சென்ட்ரலுக்கு மெட்ரோவில் அடுத்த நிலையம்; கோயம்பேட்டுக்கு மாறாமல் செல்லும் வண்டி. நிலையத்தின் எதிரே கென்னட் லேனிலும் காந்தி இர்வின் சாலையிலும் எல்லா விலைகளிலும் லாட்ஜுகள் உண்டு. குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் அரசு கண் மருத்துவமனைக்கும் வருபவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: எழும்பூர் நிலையத்துக்கு இரண்டு புறமும் வாசல் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அறை போட்டுவிட்டு காந்தி இர்வின் சாலைப் பக்கம் இறங்கினால், பெட்டிகளோடு பாலம் ஏற வேண்டும் அல்லது ஆட்டோவில் சுற்றி வர வேண்டும். எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையும் பெரியமேடும் சிக்கனமானவை. எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருப்பதால், நோயாளியுடன் வருபவர்களுக்குப் பயன்படும். ஆனால் சரக்கு வண்டிகளின் நடமாட்டமும் இரவு இரைச்சலும் உண்டு. சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

திருவல்லிக்கேணி, தனியாக வந்து சில நாட்கள் தங்குபவருக்கு ஏற்ற இடம். மேன்ஷன்கள் எனப்படும் தனிநபர் விடுதிகள், மலிவான மெஸ்கள், நடக்கும் தொலைவில் கடற்கரை, பார்த்தசாரதி கோயில் எல்லாம் உண்டு. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் நாட்களில் மட்டும் தெருவில் நுழைவதே கடினம்.

மருத்துவத்துக்காக வருபவர்கள் கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம் பகுதிகளைப் பாருங்கள். அப்பல்லோ மருத்துவமனை கிரீம்ஸ் சாலையை ஒட்டியும், சங்கர நேத்ராலயா கல்லூரிச் சாலையிலும் உள்ளன. நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவதால், சமையல் வசதியுள்ள சிறு விடுதிகள் இங்கே நிறைய உண்டு. உப்பு குறைத்துச் சாப்பிட வேண்டியவருக்கு அது பெரிய உதவி. கண் பரிசோதனைக்கு வருபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சொட்டு மருந்து விட்டபின் பார்வை மங்கி, வெயிலைப் பார்த்தாலே கண் கூசும். அந்த நிலையில் இரண்டு வண்டி மாறி அறைக்குத் திரும்புவது நரகம். வாடகை ஐந்நூறு கூடினாலும் நடந்து போகும் தொலைவில் எடுங்கள்.

தியாகராய நகருக்குச் செல்ல வேண்டிய ஒரே காரணம் ஜவுளியும் நகையும். கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் வாங்கியதை அறையில் போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போகலாம். உங்கள் வண்டி மாம்பலத்தில் நிற்குமானால் எழும்பூர்வரை போகாமல் அங்கேயே இறங்கிவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தியாகராய நகரின் பல தெருக்களில் தண்ணீர் தேங்கும். அந்த மாதங்களில் தரைத்தள அறையைத் தவிர்க்க வேண்டும்.

விமானத்தில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். விமான நிலையத்திலிருந்து வரும் நீல வழித்தட மெட்ரோ ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம் வழியாகச் சென்ட்ரல் செல்கிறது. இந்த நிலையங்களுக்கு அருகில் தங்கினால் பெட்டிகளோடு வண்டி மாற வேண்டியதில்லை. எழும்பூருக்கென்றால் பொதுவாக ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ மாற வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் மெட்ரோ இல்லை என்பதால், தாமதமாக இறங்குபவர்கள் வாடகைக் காரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொலைவை அளக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் நுங்கம்பாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதிகளில் போக்குவரத்து மாற்றங்கள் நீடிக்கின்றன. வரைபடச் செயலியில் நீங்கள் உண்மையில் புறப்படப்போகும் கிழமையையும் மணியையும் கொடுத்துப் பயண நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு மதியம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு நிமிடம்தான் என்று நம்பி வந்தவர்கள் திங்கள் காலை தேர்வுக்குத் தாமதமாகப் போயிருக்கிறார்கள்.

5. ஆட்களைக் கணக்கிடுங்கள்

செயலிகள் இரண்டு பெரியவர்கள் என்றே தொடங்கும். மூன்றாவது ஆளையும் பத்து வயதுப் பிள்ளையையும் சேர்க்காமல் பதிவு செய்து, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வருபவர்கள் கூடுதல் கட்டிலுக்கு ஹோட்டல் சொல்லும் விலையைத் தருவதைத் தவிர வேறு வழியில்லை. கூடுதல் கட்டில் என்பது பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தைதான் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

முதியவர்கள் வந்தால் மூன்றைக் கேட்க வேண்டும்: லிஃப்ட் உண்டா, லிஃப்டை அடையுமுன் படிகள் உண்டா, கழிப்பறை வெஸ்டர்னா இண்டியனா. நடுக்கேள்வியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். பழைய கட்டடங்களில் பின்னாளில் பொருத்திய லிஃப்ட் அரைமாடி ஏறிய பிறகே தொடங்குவதுண்டு.

நான்கு பேருக்கு ஒரே பெரிய அறையா, இரண்டு சிறிய அறைகளா என்று குழம்புபவர்களுக்கு என் பதில், குளியலறையை எண்ணுங்கள் என்பது. காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்ப வேண்டிய நாளில், ஒரே குளியலறை இருந்தால் நிச்சயம் சண்டை வரும்.

6. கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்

செயலியின் முதல் திரையில் தெரியும் எண் நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல. வரி, கூடுதல் ஆள், செயலியின் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் திரைவரை சென்று, அந்த எண்களை மட்டும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதற்கு மேல் 18 விழுக்காடு. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ஆகும். வாடகையில் நூறு ரூபாய் வித்தியாசம், கையிலிருந்து போவதில் 1,093. எல்லைக்கு அருகில் உள்ள அறையைப் பார்ப்பவர்கள், ஹோட்டலை நேரடியாக அழைத்து 7,500க்குத் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

காலைச் சிற்றுண்டி சேர்த்த வாடகை எப்போதும் லாபம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான ஹோட்டல்களில் அது ஏழு மணிக்குமேல்தான் தொடங்கும். ஆறரைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புபவருக்கு அது வீண். எழும்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தெருவில் இறங்கினாலே இட்லி கிடைக்கும்.

7. பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேளுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. படங்கள் கட்டடம் புதிதாக இருந்தபோது எடுத்தவையாக இருக்கலாம். தொலைபேசியில் பேசுபவர் இன்றைய நிலையைச் சொல்வார். மாலை நான்கு மணிவாக்கில் அழையுங்கள். காலையில் வருவோர் போவோர் கூட்டத்தில் ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பேச நேரமிருக்காது.

முதலில் நேரக் கணக்கைக் கேளுங்கள்: 24 மணி நேரமா, நண்பகலா. அடுத்து வெந்நீர். “ஹாட் வாட்டர் இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். “எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?” என்று கேட்டால்தான், “காலைல அஞ்சரைல இருந்து எட்டரை வரைக்கும் சார்” என்ற உண்மையான பதில் வரும். அறைக்குள் தனி கீசர் உள்ள இடங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேளுங்கள். சாலைப் பக்க அறையில் ஹாரன் சத்தம் இருக்கும். பின்பக்க அறையில் அமைதி இருக்கும், ஆனால் சில இடங்களில் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரியும். ஒரு நாள் தங்கலுக்கு நான் பின்பக்கத்தையே கேட்பேன். மூன்று நாளுக்குமேல் என்றால் காற்றுதான் முக்கியம். அதே கட்டடத்தில் திருமண அரங்கு இருக்கிறதா, அன்று நிகழ்ச்சி உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

காரில் வருபவர்கள் பார்க்கிங் உண்டா என்பதோடு நிறுத்தாமல், வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எழும்பூர்ச் சந்துகளில் பல லாட்ஜுகளின் நிறுத்துமிடத்தில் நாலைந்து சிறு கார்களுக்குமேல் நிற்காது; இன்னோவாவைக் கொண்டுவந்தவர் இரவு முழுவதும் சாலையோரத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார்.

பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன வாடகையையும் தாளில் குறித்து, அதையே வாட்ஸப்பில் ஒரு வரியாக அனுப்பி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் வேறொருவர் இருப்பார். அவருக்குக் காட்ட ஏதாவது வேண்டும்.

8. முன்பதிவும் முன்பணமும்

மார்கழிக் கச்சேரிப் பருவம், ஆவணி, தை முகூர்த்த நாட்கள், ஐபிஎல் ஆட்டங்கள் ஆகியவற்றை ஒட்டி வருபவர்கள், பயணச் சீட்டு வாங்கிய வாரத்திலேயே அறையையும் பதிவு செய்துவிட வேண்டும். பொங்கல், தீபாவளி நாட்களில் நகரமே ஊருக்குப் போய்விடுவதால் அறை எளிதாகக் கிடைக்கும். ஆனால் சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும்.

சாதாரண நாட்களில், ரத்து செய்யக்கூடிய முன்பதிவையே எடுங்கள். ரத்து செய்ய முடியாதது சற்று மலிவாகத் தெரியும். மருத்துவரின் தேதி ஒருமுறை மாறினால் அந்த லாபம் காணாமல் போகும். ரத்துக்கான கடைசி நேரத்தைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுக்கொள்ளுங்கள். செயலியில் பதிவு செய்தாலும், இரண்டு நாட்களுக்கு முன் ஹோட்டலை நேரடியாக அழைத்து, உங்கள் பதிவு அவர்கள் ஏட்டில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். “ஹோட்டலில் பணம் செலுத்தலாம்” என்ற வகைப் பதிவுகளுக்கு இது கட்டாயம்.

தேடுபொறியில் கிடைக்கும் எல்லா எண்களும் ஹோட்டலுடையவை அல்ல. ஹோட்டலின் பெயரில் போலி எண்ணைப் போட்டு, முன்பணத்தை யுபிஐயில் அனுப்பச் சொல்லி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் அனுப்புகையில் திரையில் தனிநபரின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். அனுப்பிவிட்ட பிறகு ஐயம் எழுந்தால், தயங்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறைகிறது.

9. ஆவணங்கள்

தங்கும் பெரியவர்கள் அனைவரும் அசல் அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். குடும்பத் தலைவருடையது மட்டும் போதும் என்பது தவறான எண்ணம். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஆதாரின் நகலைக் கொடுக்க மனமில்லாதவர்கள், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ இருந்தால் அதுவும் போதும்.

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்கு அறை போடுபவர்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைக் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையவழி அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறு லாட்ஜுகள், வாசலில் நிற்கும்போது கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அறை இல்லை என்று சொல்லிவிடும்.

10. அறைக்குள் முதல் பத்து நிமிடம்

ஆட்டோவில் ஏறும்போது லாட்ஜின் பெயரோடு தெருவின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்லுங்கள். வெறுமனே “ஹோட்டல்” என்று வழி கேட்டால் நம் ஊரில் சாப்பாட்டுக் கடையைத்தான் காட்டுவார்கள்.

24 மணி நேரக் கணக்குள்ள இடத்தில், பதிவேட்டில் நேரம் எழுதப்படுவதைக் கண்ணால் பாருங்கள். ஆறு இருபதுக்கு வந்தவருக்கு ஐந்தரை என்று எழுதிவிட்டால், மறுநாள் அந்த ஐம்பது நிமிடத்துக்காக வாதாட வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறக்குமுன் அறையைச் சோதியுங்கள். ஏசியைப் போட்டுவிட்டு, குளியலறைக் குழாயையும் ஃபிளஷையும் திறந்து பார்த்து, கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, மெத்தை விரிப்பைத் தூக்கி ஓரங்களில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குள் ஏசி குளிர்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். குறை இருந்தால் அப்போதே வேறு அறை கேளுங்கள். படுக்கையைக் கலைத்து, குளியலறையை நனைத்த பிறகு கேட்டால், ரூம் பாய் ஒருவரை அனுப்பிப் பழுது பார்ப்பதாகச் சொல்வார்களே தவிர மாற்றித் தர மாட்டார்கள். சுவரில் ஏற்கெனவே உள்ள கறை, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

11. காலி செய்யும் நாள்

இரவு வண்டியில் திரும்புபவர்களுக்கு, அறையைக் காலி செய்வதற்கும் வண்டி ஏறுவதற்கும் இடையில் ஏழெட்டு மணி நேரம் இருக்கும். அரை நாள் வாடகைக்கு நீட்டிக்க முடியுமா என்று முந்தைய மாலையே கேளுங்கள். காலையில் கேட்டால் அந்த அறை வேறொருவருக்குப் போயிருக்கும். முடியாதென்றால் பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நகையையும் சான்றிதழ்களையும் மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் பொருள் வைப்பறையும் உண்டு. அங்கே பயணச் சீட்டைக் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். பூட்டில்லாத துணிப்பையை ஏற்க மாட்டார்கள்.

பில்லை நின்று படியுங்கள். அறைக்குக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில், காபி ஆகியவை சரியாக உள்ளனவா, கொடுத்த முன்பணம் கழிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அறிவித்திருக்கிறது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அலுவலகத்தில் பணம் திரும்பப் பெற வேண்டியவர்கள், நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லை அங்கேயே கேட்டு வாங்க வேண்டும்.

சாவியைக் கொடுக்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள்: கட்டிலுக்குப் பின்னால் உள்ள பிளக், குளியலறைக் கதவின் கொக்கி, தலையணைக்கு அடியில். சார்ஜரும் துண்டும் மூக்குக் கண்ணாடியும் கிடப்பது அங்கேதான். எங்கள் பாட்டியின் பல்செட்டைத் தேடி விழுப்புரத்திலிருந்து லாட்ஜுக்குத் தொலைபேசி செய்த பிறகு, குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.